கொம்பெசியோனாயரு (1580): ஆசையைச் சொல்லாக்கும் நூல்

ஆறுமுகநேரி உப்பளங்களுக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் அமைந்துள்ளது புன்னைக்காயல். முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளாரின் (1520–1600) பெயர் இவ்வூரோடு பிணைந்தது. அவருடைய 'தம்பிரான் வணக்கம்' (1578) அச்சு வரலாற்றில் பெற்ற இடத்தைக் 'கொம்பெசியோனாயரு' (கொச்சி, 1580) பெறவில்லை. பேசப்படும் இடத்திலும் அது பழைய அச்சுச் சான்றாகவே மதிக்கப்படுகிறது. அது அகம் பற்றிய நூல் என்பது மறக்கப்பட்டுவிட்டது.

பாவ அறிக்கைக்கு ஆயத்தமாவோர் தம்மைத் தாமே உசாவிக்கொள்ளத் துணைசெய்யும் கையேடு இது. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1551இல் இவ்வறிக்கைக்கு வகுத்த வரையறை இங்கு நோக்கத்தக்கது. பத்துக் கட்டளைகளில் இறுதி இரண்டிற்கு மாறாக மனத்துள் மட்டும் நிகழ்ந்த சாவான பாவமும் அறிக்கையிடப்பட வேண்டும் என்றது அச்சங்கம். பிறர் மனைவியையும் பிறர் பொருளையும் விரும்பும் விருப்பமே அவ்விரு கட்டளைகளின் பொருள். எனவே செயலாகாத ஆசையும் கணக்கிற்கு வந்தது.

உள்ளத்தால் நினைப்பதும் குற்றம் என்னும் கருத்து தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் கள்ளாமை அதிகாரம் அதனைத் தெளிவாகவே கூறுகிறது. அங்கு நெஞ்சே சான்று. இங்கோ நினைவைச் சொல்லாக்கி, வகைப்படுத்தி, எண்ணிக்கையோடு இன்னொருவர் செவியில் இட வேண்டியுள்ளது. புதுமை இதில்தான் உள்ளது.

1536–37 காலப்பகுதியில் பரதவர் திருமுழுக்குப் பெற்றது கூட்டு முடிவு. அதன் பின்னணியில் முத்துக்குளிப்பு உரிமைப் பூசலும் போர்த்துக்கீசியப் பாதுகாப்பும் இருந்தன. ஊராகச் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராகப் பிரித்து, 'நான்' என்று பேசச் செய்வது பாவ அறிக்கை. அதற்கு மொழிபெயர்ப்பாளர் இடைநிற்பது தடைசெய்யப்படவில்லை எனினும் இடர்ப்பாடானது. மூன்றாம் செவி வந்தால் மனந்திறந்து பேசத் தயக்கம் எழும். அண்டிரிக் அடிகளார் தமிழை முயன்று கற்று இலக்கணமும் எழுதியதை இத்தேவையிலிருந்து பிரித்துப் பார்ப்பது பொருந்தாது.

ஆயினும் நூற்பெயர் போர்த்துக்கீசியமாகவே நின்றது. பிற்காலத்தில் வழங்கிய 'பாவசங்கீர்த்தனம்' என்னும் சொல்லிலோ ஒரு முரண் உண்டு: உரக்கப் புகழ்ந்து பாடுதலைக் குறிக்கும் சொல், காதோடு முணுமுணுப்பதற்குப் பெயராயிற்று.

இத்தகைய கையேட்டைக் கொண்டு பரதவரின் மனநிலையை வரைய முற்படுவோர்க்கு ஒரு தடையுண்டு. நூலில் இருப்பவை குரு கேட்க விரும்பியவை. மீனவர் மகள் ஒருத்தி எதைச் சொன்னாள், எதை விழுங்கினாள் என்பது அச்சேறவில்லை.