பட்டணத்தின்மேல் ஒரு பட்சம்

பொல்பிட்டியவில், கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் சங்கமித்துக் களனி கங்கையென்று பெயர் மாறும் மலைச்சரிவில் இருந்துகொண்டு, தமிழ் வசன இலக்கியத்தில் பட்டணவாசத்தின்மேல் எழுந்த பிரியத்தை ஆராயப் புகுவது விபரீதமென்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்த ஆற்றின் நீரே அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பின் குழாய்களில் விழுகிறது. 1969இல் இயங்கத் தொடங்கிய இங்குள்ள மின்நிலையத்தின் சக்தியும் அந்நகரின் விளக்குகளுக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே கொழும்பைக் கண்ணால் காணாத தோட்டத்துப் பாட்டிக்கும் அதனோடு ஒரு சம்பந்தம் உண்டு.

பழைய நூல்களில் பட்டணம் பெரும்பாலும் பிரமிப்பின் விஷயமே. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியின் 782 அடிகளில் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விஸ்தரிக்கும்போது நாம் காண்பது பாண்டியனுடைய செல்வத்தின் மகிமை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை மட்டும் சற்று வேறு விதம்: காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகத்தையும் பண்டசாலைகளையும் ஆசைதீர வர்ணித்துவிட்டு, இத்தகைய பட்டினமே கிடைப்பதாயினும் மனைவியைப் பிரிந்து வரமாட்டேன் என்று தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்கிறான். நகரத்தின் அழகை நன்கறிந்தும் அதைத் தன்னுடையதென்று கொள்ளாத ஒருவன் வாயில் அந்த வர்ணனை அமைந்தது, பிற்கால உரைநடைக்கு ஒரு முன்னறிவிப்பாகவே எனக்குப் படுகிறது.

ஏனெனில் நவீனத் தமிழில் பட்டணத்தை மெய்யாக நேசித்து எழுதியவர்கள் அதைச் சொத்தாகப் பாவித்தவர்கள் அல்லர்; வெளியூரிலிருந்து வந்து, ஒட்டுக்குடித்தனத்தின் சிறுமைகளையும் சினேகங்களையும் அருகிருந்து அறிந்தவர்கள். துள்ளம் என்ற கிராமத்தில் பிறந்த திரு.வி.க., 1944இல் வெளிவந்த ‘வாழ்க்கைக் குறிப்பு’களில் இராயப்பேட்டையைத் தாய்வீடு போலப் பேணுகிறார். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்த புதுமைப்பித்தனோ, ‘மகாமசான’த்தில் மௌண்ட் ரோட்டு நடைபாதையில் சாகக் கிடக்கும் பிச்சைக்காரனைக் காட்டி நகரத்தைச் சுடுகாடென்றே சொன்னவர். அவரே ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்ற கதையில், பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் மூலையில் கைச்சில்லறையை எதற்குச் செலவிடுவதென்று யோசித்து நிற்கும் வைத்தியப் பத்திரிகாசிரியரிடம் கடவுளையே வழி கேட்க வைத்து, காப்பி குடிக்கச் செய்து, ஜீவிய சந்தாவுக்கும் ஆளாக்கி, பிள்ளையின் வீட்டுக்கே விருந்தாளியாக அனுப்பிவிடுகிறார். சிருஷ்டிகர்த்தாவுக்கும் சென்னையில் சொந்த ஜாகை கிடையாது என்ற அந்தப் பரிகாசத்தில் உள்ள வாஞ்சை, நகரத்தைப் போற்றும் நூறு பாசுரங்களில் இராது.

இத்துறையின் சிகரமென்று நான் கருதுவது அசோகமித்திரனை. 1931இல் சிகந்தராபாத்தில் பிறந்து, 1952இல் சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டூடியோவில் உத்தியோகம் பார்த்தவர். சென்னையை அவர் புகழ்ந்ததே இல்லை என்று சொல்லிவிடலாம். ‘தண்ணீர்’ நாவலில் குடமும் வாளியுமாய் அலையும் ஜமுனாவின் தெருவில் நீர்ப்பஞ்சமும் மனஸ்தாபமும் தவிர வேறு சம்பத்து எதுவும் காணப்படவில்லை. எனினும் நாவலை மூடியபின் அந்தத் தெருவின்மேல் நமக்கு ஒரு பாத்தியதை ஏற்பட்டுவிடுகிறது. ‘ஒரு பார்வையில் சென்னை நகரம்’ என்ற கட்டுரைத் தொகுதியில் பேட்டை பேட்டையாக நகரத்தை நினைவுகூரும்போதும், பெரிய கட்டடங்களுக்குக் கொடுக்கும் மரியாதையைவிடச் சாமானிய மனிதர்களின் நடமாட்டத்துக்கு அவர் கொடுக்கும் மரியாதை அதிகம்.

ஆங்கிலத்தில் இவருக்கு உறவினர் சார்லஸ் லாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் காரியாலயத்தில் கணக்கெழுதிய அவர், மலைப்பிரதேசத்துக்கு வருமாறு வேர்ட்ஸ்வொர்த் அழைத்தபோது, லண்டன் வீதிகளே தமக்குப் போதுமென்று 1801இல் பதில் எழுதினார். மலையில் வசிக்கும் எங்களுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

கொழும்பின் கதை வேறு. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனுமாகிய பத்திரிகைகள் தோன்றியபின் அந்நகரம் தமிழ் எழுத்தாளருக்கு ஜீவனோபாயம் அளித்தது; மணிக்கொடிப் பத்திரிகையின் வ.ரா.வும் சில காலம் வீரகேசரியில் ஆசிரியராக இருந்தார். செ. கணேசலிங்கனின் ‘செவ்வானம்’ கொழும்பு வாழ்க்கையை அரசியல் நோக்கில் பரிசீலித்தது. டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் 1966இல் தொடங்கிய மல்லிகைச் சஞ்சிகை, பின்னாளில் கொழும்பு ஸ்ரீ கதிரேசன் வீதிக்குக் குடிபெயர்ந்தது. ஆயினும் நான் வாசித்த அளவில், கொழும்பைக் கோபமின்றியும் கணக்குப் பாராமலும் நேசிக்கும் வசனம் தமிழில் அபூர்வம். பலருக்கு மெய்யான வீடு வடக்கே இருந்தது. கொழும்பு வேலைத்தலம் மட்டுமே. தவிரவும், 1958இலும் 1977இலும் 1983இலும் தமிழருக்கெதிரான கலவரங்களில் உயிருக்கு அஞ்சி ஓடிய தெருக்களைப் பற்றி வாஞ்சையோடு எழுதச் சொல்லி யாரை நிர்ப்பந்திக்க முடியும்?

தேயிலைத் தோட்டத்து மலைநாட்டாரின் நிலைமையோ இன்னும் விசித்திரம். சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகக் கொழும்பில் பாராளுமன்றத்துக்குச் சென்றார். அடுத்த வருஷமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவரைத் தேர்ந்தெடுத்த ஜனங்களை நாடற்றவர்களாக்கியது. அவர் ஒரு நாவலுக்கு இட்ட பெயர் ‘வீடற்றவன்’. நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். ஆகையால் கொழும்பின் புறக்கோட்டைக் கடைகளில் வேலைக்குப் போகும் எங்கள் பையன்களுக்கு, ஏங்குவதற்கு ஒரு முற்றமும் வேலியும் பின்னால் இல்லை. யாழ்ப்பாணத்தவரின் ஊரேக்கமும் சென்னைக்காரரின் ஒட்டுக்குடித்தனச் சலிப்பும் இவர்களுக்கு முழுதும் பொருந்தா. ஞாயிற்றுக்கிழமை காலிமுகத்திடலின் காற்று, செவ்வாய்க்கிழமைகளில் சமயபேதமின்றிக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் கூடும் கூட்டம், தீபாவளிக்கு முந்திய இரவில் ஹட்டன் பஸ்ஸுக்கு நடக்கும் யுத்தம் ஆகிய இவற்றில் எதையும் இழந்த ஊரோடு ஒப்பிடாமல் அனுபவிக்கும் சுதந்திரம் அவர்களுக்கு உண்டு. அந்தச் சுதந்திரத்திலிருந்து கொழும்பைப் பற்றிய நல்ல வசனம் பிறக்குமென்பது என் எதிர்பார்ப்பு. அதை எழுதப்போகிறவர் கடமைக்காகத் தேயிலை மலையையும் பனிமூட்டத்தையும் முதற்பக்கத்தில் வர்ணித்துக் கொண்டிராமல், நேரே புறக்கோட்டையிலேயே ஆரம்பிக்கட்டும்.