கூலியும் கொடியும்

பணத்துக்காக நாடு மாறி ஓடுகிற விளையாட்டு வீரரைப் பற்றிப் பேச்செடுத்தாலே 'துரோகம்' என்கிற சொல் முந்திக்கொண்டு வந்து விழுகிறது. யார், யாருக்குச் செய்த துரோகம் என்று கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. 'தாய்நாடு' என்ற கற்பிதம் தன்னைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக வைத்துக்கொள்ளும் இடங்களில் ஓட்டப்பந்தய மைதானமும் ஒன்று.

2003இல் கென்யாவின் ஸ்டீபன் செரோனோ, கத்தாரின் சைஃப் சயீத் ஷாஹீன் ஆனார். மாதம் ஆயிரம் டாலர், ஆயுள் முழுக்க என்று அப்போது செய்தி வந்தது. அந்த ஆகஸ்டிலேயே பாரிஸ் உலகப் போட்டியில் 3000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் கத்தாருக்குத் தங்கம். அதே ஓட்டத்தில் அவருடைய அண்ணன் ஆபிரகாம் கென்யாவுக்காக ஓடினார். இதில் பணத்தைவிட முக்கியமானது அந்தப் புதுப் பெயர்.

எங்க மணலூர்பேட்டைப் பக்கம் கபடிப் போட்டிகளில் 'கெஸ்ட் பிளேயர்' உண்டு. வெளியூர்க்காரன், காசு வாங்கிக்கொண்டு நம்ம ஊர் பனியனில் இறங்குவான். "காசுக்கு வந்தவன்தான், ஆனா நல்லா வெளாடுறான்ல" என்பார்கள். அதோடு சரி. பெயரை மாத்து, குலசாமியை மாத்து என்று யாரும் கேட்பதில்லை. கூலியைக் கூலி என்று சொல்கிற நேர்மை அதில் இருக்கிறது. தேசத்துக்கு அந்த நேர்மை கட்டுப்படியாகாது. வாடகை உடம்பு வாங்கித் தந்த பதக்கத்தை ரத்தத்தின் பதக்கமாக வாசிக்க வைத்தாக வேண்டும். புதுப் பெயர் அதற்கான ஏற்பாடு. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். கென்யாவில் பிறந்து பஹ்ரைனுக்காக ஓடிய முஷிர் சலேம் ஜவ்ஹர், 2007இல் இஸ்ரேலில் ஒரு மாரத்தான் ஓடி ஜெயித்தார். உடனே அவருடைய குடியுரிமையைப் பறிப்பதாக பஹ்ரைன் அறிவித்தது.

வாங்குகிற நாட்டின் யோக்கியதை இது. பிறந்த நாட்டின் யோக்கியதை?

2006 டிசம்பர், தோஹா ஆசியப் போட்டி, பெண்கள் 800 மீட்டர். தங்கம் பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமாலுக்கு. எத்தியோப்பியாவில் ஜெனபெச் டோலாவாகப் பிறந்து, சுவிட்சர்லாந்தில் அடைக்கலம் கேட்டு நின்றவர் அவர். 'பணத்துக்காக' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த வாழ்க்கை அடங்குமா? வெள்ளி, நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனுக்கு. செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண், கொடி மாறாதவர். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சில நாட்களிலேயே பதக்கம் போனது. அவருக்காக வாதாட இந்திய விளையாட்டு நிர்வாகத்தில் ஆளில்லை. 2009இல் இதே மாதிரிச் சோதனைக்கு ஆளான காஸ்டர் செமன்யாவுக்குப் பின்னால் தென்னாப்பிரிக்க அரசே நின்றது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2012இல் சாந்தி செங்கல் சூளையில் கூலிக்கு நிற்பதாகச் செய்தி வந்தது. தமிழக அரசு நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கொடுக்கப் பத்து வருஷம் ஆனது.

ஆக, ஒரே ஓட்டத்தில் ஓடிய இரண்டு பெண்களில் நாடு மாறியவர் பதக்கத்தோடு போனார். மாறாதவரிடமிருந்து பதக்கமும் போய், மானமும் பொதுவில் ஏலம் விடப்பட்டது. இதில் துரோகம் செய்தது யார்?

நாடு மாற நினைக்கும் ஓட்டக்காரர் குறைந்தது மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும், 20 வயதுக்கு முன் மாற முடியாது என்று 2018இல் உலகத் தடகளச் சம்மேளனம் விதி செய்தது. விதியெல்லாம் ஓடுகிறவருக்கு. தன் கொடியைச் சுமந்தவரைக் கைவிடும் நாட்டுக்கு எந்த விதியும் இன்னும் எழுதப்படவில்லை.