கீரிப்பிள்ளைக்கு ஒரு ஜே!

கரடி, முயல், தவளை என்று பிரிட்டிஷ் குழந்தை இலக்கியத்தில் செல்லப் பிராணிகளுக்குப் பஞ்சமில்லை. எனக்கு அத்தனைக்கும் மேலே ஒரு கீரிப்பிள்ளைதான். ருட்யார்ட் கிப்ளிங்கின் ரிக்கி டிக்கி டாவி! 1894-இல் வந்த 'ஜங்கிள் புக்'கில்தான் இவனும் இருக்கிறான். ஆனால் மோக்லிக்கும் பாலுவுக்கும் கிடைத்த பெயரில் கால்வாசிகூட இவனுக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்குத் தீராத ஆதங்கம்.

சேலம், நாமக்கல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இவனை அறிமுகப்படுத்தவே வேண்டாம். குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பிலும் கடலைக்காட்டு வேலியோரத்திலும் வாலை நீட்டிக்கொண்டு ஓடுகிறானே, அவனேதான். குறுக்கே போனால் "போற காரியம் ஜெயம்" என்போம். கோழிக்குஞ்சைத் தூக்கினால் அதே வாயால் திட்டுவோம்.

கதை நடப்பது பீகாரில், சிகௌலி என்ற ஊரின் பங்களாவில். வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட கீரிக்குட்டியை ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் காப்பாற்றுகிறது. தோட்டத்திலோ நாக், நாகைனா என்று ஒரு நல்லபாம்பு ஜோடி.

அந்தக் குளியலறைக் காட்சி இருக்கிறதே! தண்ணீர்ச் சாலைச் சுற்றி நாக் சுருண்டு தூங்குகிறது. எங்கே கவ்வினால் பிடி நழுவாது என்று ரிக்கி அசையாமல் கணக்குப் போடுகிறான். படத்துக்கு மேலே, தலையில் ஒரே கவ்வு. தரையோடு தரையாகப் புரட்டி அடித்தும் விடவில்லை. உயிர் போனாலும் பல் நெகிழக்கூடாது, அது குலமானம்!

அடுத்து முலாம்பழப் பாத்தியில் நாகைனா இட்ட முட்டைகள். ஒவ்வொன்றாக உடைத்துவிட்டு, கடைசி முட்டையை வாயில் கவ்விக்கொண்டு ஓடுகிறான். குழந்தை டெடியின் நாற்காலியருகே படமெடுத்து நிற்கும் நாகைனாவை அதைக் காட்டியே திருப்புகிறான். முட்டையை வைத்தே பிழைக்கும் நாமக்கல்காரர்கள், முட்டை உடைவதைப் பார்த்துக் கைதட்டும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்!

பாம்பு கடித்த கீரி ஏதோ பச்சிலையைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கிப்ளிங் அதைக் கதைக்குள்ளேயே மறுத்துவிடுகிறார். கண்ணின் வேகமும் காலின் வேகமும்தான் எல்லாம் என்கிறார். நாகத்தின் நரம்பு நஞ்சு கீரியின் தசைகளில் எளிதில் பற்றாது என்பதைப் பிற்கால ஆய்வுகள் கண்டன.

1975-இல் சக் ஜோன்ஸ் எடுத்த கார்ட்டூனில் ஆர்சன் வெல்ஸ் கதை சொல்கிறார். அந்தக் குரலுக்காகவே பார்க்கலாம். அதற்கும் முன்பு 1965-இல் வந்த சோவியத் கார்ட்டூனில் வீட்டுக்காரர்கள் இந்தியர்களாகவே ஆகிவிட்டார்கள்!

நாம் கேட்டு வளர்ந்த கதையில், பிள்ளையைக் காத்த கீரியைத் தாயே தவறாக நினைத்துக் கொன்றுவிடுகிறாள். அந்தப் பழியால் கணவன் பிரிந்துபோக, தவித்து நின்ற பெண்ணின் துயரைக் கோவலன் பொருள் கொடுத்துத் தீர்த்ததைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை சொல்கிறது. அவள் பழி தீர்ந்தது; போன கீரி போனதுதான். கிப்ளிங்கின் கதையிலோ, டெடியைத் தீண்ட வந்த குட்டிப் பாம்பைக் கொன்ற ரிக்கியைத் தாய் வாரி அணைத்துக்கொள்கிறாள். நம் கீரிக்குக் கிடைக்காத நியாயம் இங்கே கிடைத்துவிடுகிறது. எனக்கு இவன்மேல் இத்தனை பித்து அதனால்தான்.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். கூடவே இன்னொன்று: கீரி முடியில் செய்த ஓவியத் தூரிகையை யார் விற்றாலும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரம் குற்றம்.