காதில் பாயும் நாராசம்

ஹெட்ஃபோன் விற்கும் கடைகளில் சோதித்துப் பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் பாடல்களுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. எல்லாமே நல்ல பிள்ளைகள். மூச்சு வாங்கும் ஓசைகூடத் தெளிவாகப் பதிவான ஒரு பெண் குரல், ஓர் அக்கூஸ்டிக் கிட்டார், பிரஷ்ஷால் வருடப்படும் டிரம். இவற்றோடு ஈகிள்ஸ் குழு 1994இல் மேடையில் வாசித்த 'ஹோட்டல் கலிஃபோர்னியா' கட்டாயம் இருக்கும். அதன் தொடக்கத்தில் விழும் தாள அடி வயிற்றில் இறங்கினால் கருவி தேறிவிட்டது. இந்தப் பட்டியல்களில் பிளாக் சாபத்தையோ மெட்டாலிகாவையோ பார்ப்பது அரிது. மெட்டலை எதில் கேட்டால் என்ன, எப்படியும் இரைச்சல்தானே என்பது எழுதப்படாத விதி.

நான் இதற்கு நேரெதிராக நினைக்கிறவன். ஒழுங்காகப் பதிவான ஒற்றைக் குரல் எந்தக் கருவியிலும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கும். ஒரு கருவியின் யோக்கியதை நெரிசலில்தான் தெரியும். பேருந்து ஓட்டுநரை ஆளில்லாத நெடுஞ்சாலையில் வைத்து மதிப்பிட முடியாது, சந்தை நாளில் கடைத்தெருவுக்குள் வரச் சொல்ல வேண்டும்.

அண்மையில் சென்ஹைசர் எச்டி 600 ஒன்றை வாங்கினேன். புதியது என்பது எனக்குத்தான். அந்த மாடல் வந்தது 1997இல். கணினித் துறையில் இருந்துகொண்டு ஏறத்தாழ முப்பது வருடங்களாகப் பெரிய மாற்றமின்றி விற்பனையாகும் ஒரு பொருளைக் காண்பதே ஒரு சந்தோஷம். பஞ்சு நைந்தால் பஞ்சையும், வயர் அறுந்தால் வயரையும் மாற்றிக்கொள்ளலாம். 300 ஓம் மின்தடை என்பதால் கைபேசியில் நேரடியாகச் செருகினால் சோம்பிக் கிடக்கும், சின்னதாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். புதிதில் தலையைச் சற்று இறுக்கிப் பிடிக்கும். முதுகுப் பக்கம் திறந்த வடிவம் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கும் பாதிக் கச்சேரி இலவசம். ஒப்பிடுவதற்கு, ஒலிப்பதிவுக் கூடங்களில் பல காலமாகப் புழங்கும் சோனி எம்டிஆர் 7506ஐ வைத்துக்கொண்டேன். அது மூடிய வடிவம்.

மெட்டல் ஏன் கடினமான சோதனை என்பதற்குக் கொஞ்சம் இயற்பியல் தேவை. கிட்டாரின் ஆகக் கனத்த தந்தி, வழக்கமான சுருதியில், 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் அலையின் முகடுகள் வெட்டுப்படும். அந்த வெட்டிலிருந்து, தந்தியில் மெல்லியதாக இருந்த மேல் ஒலிகள் பெருகுகின்றன, இல்லாதவை புதிதாகப் பிறக்கின்றன. அவை சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை ஏறும். பாடகரின் மெய்யெழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன, ஸ்னேர் டிரம்மின் வெடிப்பும் அங்கேதான். போதாக்குறைக்கு நம் காதுக்குழாயே 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயற்கையாகப் பெருக்கித் தருகிறது. இந்த இடத்தில் ஒரு ஹெட்ஃபோன் கொஞ்சம் தூக்கலாக ஒலித்தால் அந்தப் பெண் குரல் 'தெளிவாக' இருக்கிறது என்று கடையில் மெச்சுவார்கள். அதே தூக்கல் இரண்டு மெட்டல் கிட்டார்களைச் சந்திக்கும்போது, நம் ஊரில் சொல்வார்களே, நாராசத்தைக் காய்ச்சிக் காதில் விட்டதுபோல் என்று, அதுதான். நல்ல பாட்டில் குணமாகத் தெரிந்தது இங்கே குற்றமாக வெளிப்படுகிறது. மெட்டல் சோதனைக்கு ஆகாது என்பவர்கள் பெரும்பாலும் தங்கள் கருவியைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

முதலில் பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம். 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில், பெரும்பாலும் மேடையில் வாசிப்பதுபோல் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்து, 1970 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். கிட்டார்காரர் டோனி ஐயோமி பர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பதினேழு வயதுப் பையனாக இருந்தபோது வலது கையின் இரண்டு விரல்களின் நுனியை இயந்திரத்தில் இழந்தவர். இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அது. பிளாஸ்டிக் நுனிகளைத் தானே செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய தந்திகளைத் தேடிப் போனார், 1971க்குள் கிட்டாரின் சுருதியையே ஒன்றரைப் படி இறக்கினார். இந்த இசையின் கனம் என்று நாம் சொல்வதில் ஒரு தொழிலாளியின் காயமும் கலந்திருக்கிறது.

சோனியில் கேட்டால் இது ஐயோமியின் ஆல்பம். கிட்டார் முன்னால் நின்று மற்றவர்களை மறைக்கிறது. சென்ஹைசரில் கீஸர் பட்லரின் பேஸ் எழுந்து தனக்கென ஒரு வழியில் நடக்கத் தொடங்குகிறது. கிட்டாரை நிழல்போல் தொடர்வதில்லை, அதோடு வழக்காடுகிறது. பில் வார்டின் டிரம்மில் ஜாஸ் ஊஞ்சலாடுவதும் துலங்குகிறது. பின்னால் வந்த மெட்டல் குழுக்கள் பலவும் தொலைத்துவிட்டது இந்த ஊஞ்சலைத்தான் என்பது இத்தனை வருடம் கேட்டும் எனக்கு இவ்வளவு துலக்கமாகப் பிடிபட்டதில்லை.

அடுத்து லெட் செப்பலினின் 'வென் த லெவி பிரேக்ஸ்', 1971. ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீடு, பதினெட்டாம் நூற்றாண்டில் ஏழைகள் விடுதியாகக் கட்டப்பட்டது. அதன் மாடிப்படிக்கட்டின் அடியில் ஜான் பான்ஹமின் டிரம்மை வைத்து, மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார் ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ். டிரம்முக்குப் பக்கத்தில் மைக் கிடையாது. ஆகவே நாம் கேட்பது டிரம்மை மட்டுமல்ல, அந்தப் படிக்கட்டையும்தான். திறந்த முதுகுக் கருவியில் ஒவ்வொரு அடியும் சுவரில் மோதி மேலேறிக் கலைவது தெரிகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடிமட்ட ஒலிகளில், 40 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழும், இந்த வகைக் கருவிகள் மெலிந்துவிடும். பான்ஹமின் காலடி காதில் விழுகிறது, நெஞ்சில் விழுவதில்லை. நல்ல ஸ்பீக்கரில் பாதி உடம்பால் கேட்கும் இசையை ஹெட்ஃபோன் முழுக்கக் காதுக்கே ஒப்படைக்கிறது. தவிலை வானொலியில் மட்டுமே கேட்டவருக்கு அது என்னவென்று முழுதும் தெரிந்திராது என்பதைப் போல.

அந்த இழப்பை ஈடுகட்டத்தான் கை தானாக ஒலியளவுக் குமிழுக்குப் போகிறது. ஒலி கூடக் கூட அடிமட்டம் நிறைந்ததுபோலத் தோன்றுவது காதின் இயல்பு; ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டியது. வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை இது. 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 92 டெசிபலில் கேட்டால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான், அதாவது மூன்று ஆல்பம். நாற்பதைத் தாண்டிய என் காதுக்கு 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏதும் எட்டுவதில்லை. என் மகன் கேட்கிறது என்று சொல்லும் இடத்தில் எனக்கு வெறும் அமைதி. அதை எப்படியோ சமாளித்துவிடலாம். 3000 ஹெர்ட்ஸில் இருப்பது போனால் கிட்டார் மட்டும் போகாது, மனிதர் பேச்சும் போகும். குமிழைத் தொடாமல் கேட்கப் பழகுவதும் இந்தச் சோதனையின் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது சங்கடமான ஆல்பங்கள். மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' 2008 செப்டம்பரில் வந்தது. ஒலி உரத்துக் கேட்க வேண்டும் என்பதற்காக அலைகளை நசுக்கி, முகடுகளை வெட்டி, மேல் எல்லையோடு ஒட்ட வைத்த ஆல்பங்களுக்கு இதுவே பாடநூல் உதாரணம். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வருமுன்பே அது நசுக்கப்பட்டிருந்ததாகச் சொல்லியிருந்தார். அதே நாளில் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டுக்காக வெளியான வடிவத்தில் இந்த நசுக்கல் இல்லை. விளையாட்டு வாங்கிய பையன்களுக்கு நல்ல ஆல்பமும், காசு கொடுத்து குறுந்தட்டு வாங்கிய ரசிகர்களுக்குக் கெட்ட ஆல்பமும் கிடைத்தன. ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு மறுபதிப்புக் கேட்டார்கள்.

சென்ஹைசரில் குறுந்தட்டு வடிவத்தை முழுதாகக் கேட்க முடியவில்லை. ஒவ்வொரு டிரம் அடியிலும் ஒரு சின்ன முறிவு, காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல். மலிவான காதுச் செருகியில் இது இவ்வளவு தெரியாது. நல்ல கருவி கெட்ட பதிவைத் தண்டிக்கும் என்று ஒலிக்கருவி ஆர்வலர்கள் ஓரளவு பெருமையோடு சொல்வார்கள். பிறகு என்ன செய்வார்கள் என்பதுதான் எனக்குப் பிரச்சினை: தண்டிக்கப்பட்ட ஆல்பங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டு, கருவிக்கு அழகு சேர்ப்பவற்றை மட்டும் கேட்பார்கள். கடைசியில் அலமாரியில் மிஞ்சுவது அந்தப் பெண் குரலும் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வும். சட்டைக்கு ஏற்ற மாதிரி உடம்பை வெட்டிக்கொள்ளும் காரியம் இது.

அதற்காக எல்லாக் கரடுமுரடும் சேதமல்ல. நார்வேயின் டார்க்த்ரோன் குழு 1994இல் வெளியிட்ட 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' வீட்டில் நான்கு டிராக் கருவியில் பதிவானது. அடிமட்டம் கிட்டத்தட்ட இல்லை. பனிப்புயலை ஜன்னல் இடுக்கில் கேட்பதுபோன்ற ஒரு சீறல். கருவி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் அது மேம்படப் போவதில்லை, மேம்படவும் கூடாது. அந்தத் தேய்மானம்தான் இசை. 'டெத் மேக்னடிக்'கில் தேய்மானம் இசைக்கு வெளியிலிருந்து வந்தது. நசுக்காத வடிவம் ஒன்று இருக்கிறது, அதில் பாடல்கள் இன்னும் நன்றாக மூச்சுவிடுகின்றன என்பதே அதற்குச் சாட்சி.

இந்த இரண்டிலும் சேராதது '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. மெட்டாலிகாவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் குழுவின் பேருந்து கவிழ்ந்து இறந்தார். வயது 24. அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட், குழுவோடு வாசித்த முதல் முழு ஆல்பம் 1988இல் வந்த இது. அதில் அவர் வாசித்த பேஸ் கேட்கவில்லை. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, ஏறத்தாழ கேட்கவே இல்லை. கிட்டார்களின் நடுப்பகுதியைக் குடைந்து கீழ்ப்பகுதியைத் தடிக்கவிட்டிருக்கிறார்கள்; நியூஸ்டெட்டோ அதே கிட்டார் வரிகளை அப்படியே பின்தொடர்ந்து வாசிக்கிறார். இரண்டும் ஒரே இடத்தில் விழ, அதன்மேல் கலவையில் பேஸின் அளவையும் குறைத்திருக்கிறார்கள். துக்கம், புதியவனைச் சீண்டும் குரூரம், மேடைகளில் தேய்ந்த காதுகள் என்று காரணங்கள் பல காலமாகப் பேசப்படுகின்றன. எனக்கு முதலாவதில் நம்பிக்கை அதிகம். இறந்தவனின் நாற்காலியில் ஒருவனை உட்கார வைத்தார்கள், ஆனால் அவனைப் பார்க்க அவர்களால் முடியவில்லை.

புது ஹெட்ஃபோன் வாங்கும் மெட்டல் ரசிகர் பலரும் இந்த ஆல்பத்தை எடுத்து ஜேசனைத் தேடுவார்கள். நானும் தேடினேன். 'பிளாக்கண்ட்' பாடலில் கிட்டார் நிற்கும் சில கணங்களில், கீழே ஏதோ உராய்வதுபோல் ஒரு தடயம். வலது பக்கமா, நடுவிலா என்று சொல்லத் தெரியவில்லை. 2018இல் மறுமாஸ்டரிங் செய்து வெளியிட்டபோதும் பேஸை உயர்த்தவில்லை, அன்று செய்தது அன்று செய்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ரசிகர்கள் தாங்களாகவே பேஸைக் கூட்டிச் செய்த வடிவங்கள் உலவுகின்றன. ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். நன்றாக, வட்டமாக, ஆரோக்கியமாக இருந்தது. வேறு ஏதோ குழுவின் ஆல்பம் போலவும் இருந்தது. மூல ஆல்பத்தின் அந்த வறண்ட, எலும்பு தெரியும் ஓசை இல்லாமல் அதன் கோபத்தை நினைத்துப் பார்க்க எனக்கு வரவில்லை. ஆனால் தன் முதல் ஆல்பத்தில் தன் கையைத் தானே கேட்க முடியாமல் உட்கார்ந்திருந்த ஒருவரின் இடத்திலிருந்து பார்த்தால் இது வெறும் ரசனைப் பேச்சு என்பதும் தெரிகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க எனக்குத் தராசு இல்லை.

அந்த ஆல்பத்தின் எட்டாவது பாடல் 'டு லிவ் இஸ் டு டை', ஒன்பதே முக்கால் நிமிடம், பெரும்பகுதி வாத்திய இசை. பர்ட்டன் விட்டுச்சென்ற இசைத்துணுக்குகளிலிருந்து கட்டியது, அவர் பெயரும் ஆக்கியோர் வரிசையில் இருக்கிறது. நடுவில் எல்லாம் அடங்கி, கிட்டார்கள் மட்டும் மெதுவாகப் பேசும் ஒரு பகுதி வரும். சோனியில் அது இடைவேளைபோல் கடந்துவிடும். சென்ஹைசரில் அங்கே நரம்பில் விரல் நகர்வதும் ஒலி தேய்ந்து போவதும் கேட்கிறது. அதன் கீழ் ஒரு பேஸ் இருந்திருக்க வேண்டிய இடம் அகலமாகத் திறந்து கிடக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் மறுபடி மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன், குமிழைத் தொடாமல்.