சீமோன் வீட்டைக் காணோம்

செங்கல்பட்டுப் பக்கம் நம்ம ஜனங்க படம் போட்ட பைபிளைத் துணியில சுத்திப் பத்திரமா வச்சிருக்காங்க. பல வீடுகளில் ஓவியம் என்று இருப்பதே அதுதான். அதனாலேயே அதை விமர்சித்தாக வேண்டும்.

இந்தப் படங்களுக்கெல்லாம் முன்மாதிரி குஸ்தாவ் தொரே. 1866இல் வந்த அவரது பைபிளில் இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள். (மரக்கட்டையில் செதுக்கியவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்?)

அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். பேதுரு தங்கியிருப்பது யோப்பா கடலோரத்தில், தோல் பதனிடும் சீமோன் வீட்டில். செத்த மாட்டைத் தொட்டால் தீட்டு என்பது யூதச் சட்டம். அந்த வீட்டு மாடியில்தான் எதையும் தீட்டென்று சொல்லாதே என்று அவருக்குத் தரிசனம் வருகிறது. தொரே இதை வரையவில்லை. அடுத்த காட்சியை, ரோமப் படை அதிகாரி கொர்நேலியு வீட்டில் பேதுரு நிற்பதை வரைந்தார். ஊறப்போட்ட தோலும் சுண்ணாம்பும் நாத்தமும் கலைக்கு ஆகாது போல!

மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபப் பாறையில் பால் கறக்கிறவன் இருக்கிறான். அழகான சிற்பம், மறுக்கவில்லை. அந்த மாடு செத்தால் தூக்குகிறவன் அங்கேயும் இல்லை.

இந்தக் கரையில் குப்பம் வேறு, சேரி வேறு. மீன்பிடிக்கிற பேதுரு தோல்காரன் வீட்டில் பல நாள் தின்று தூங்கினார் என்பது இங்கே எவ்வளவு பெரிய சேதி! குரோம்பேட்டைக்குப் பேரே தோல் கம்பெனியால் வந்த மாவட்டம் இது. நம் ஓவியர் யாராவது அந்த வீட்டை வரையட்டும்: வாசலில் காயும் தோல், பக்கத்தில் கட்டுமரம், ஒரே சட்டியில் கைபோட்டுச் சாப்பிடும் இரண்டு பேர்.