‘நாங்கள்’ ஏறினோம்: நடைவழி நூல்களில் விடுபட்டவர்கள்

மலை நடைவழி நூல்களை நாம் இலக்கியமாகப் படிப்பதில்லை. ஓடையைத் தாண்டு, கல்சுவரை ஒட்டி இடப்பக்கம் திரும்பு, கணவாயை அடைந்ததும் வலப்புறம் ஏறு என்று அவை கட்டளையிடும். எழுதியவர் யார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. பாதையே நம்மிடம் பேசுவதுபோல இருக்கும். ஆனால் பாதை பேசாது. யாரோ நடந்தார்கள், யாரோ எழுதினார்கள், அவர்கள் நடப்பதற்காக வேறு யாரோ வேலை செய்தார்கள். இந்த வகை எழுத்தைப் பெண்ணிய நோக்கில் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் ஒரு மலையேற்றக் குறிப்பு.

வடமேற்கு இங்கிலாந்தில் உள்ள லேக் டிஸ்ட்ரிக்ட்டில் பள்ளத்தாக்குகளில் ஆறும் ஓக் மரக் காடும் இருக்கும். மேலே போகப்போகப் புல்லும் ஹெதர் புதரும் மட்டுமே மிஞ்சும் ‘மூர்’ எனப்படும் மேட்டுநிலம் வரும். உயர்ந்த சிகரங்களில் அதுவும் இல்லாமல் வெறும் பாறைதான். இந்தப் பகுதிக்கு வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் எழுதிய வழிகாட்டி நூல் 1810இல் வேறொருவரின் ஓவியத் தொகுப்புக்கு முன்னுரையாகப் பெயரின்றி வெளிவந்தது. 1822இல் தனி நூலானது. 1835க்குள் ஐந்து பதிப்பு கண்டது. 1822 பதிப்பில் ஸ்காஃபெல் பைக் ஏறிய அனுபவம் ஒன்று சேர்க்கப்பட்டது. 978 மீட்டர் உயரமுள்ள அது இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரம். நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தின் பகுதி என்ற அளவில்தான் நூல் அதை அறிமுகப்படுத்துகிறது. கடிதத்தை எழுதியவர் வில்லியமின் தங்கை டோரதி வேர்ட்ஸ்வொர்த். அவர் பெயர் அங்கே இல்லை.

1818 அக்டோபர் 7ஆம் தேதி, 46 வயதில், தோழி மேரி பார்க்கருடன் டோரதி அந்த மலையேறினார். போரோடேல் பள்ளத்தாக்கில் சீத்வெய்ட் என்ற சிற்றூரிலிருந்து எஸ்க் ஹாஸ் கணவாய் வரை போவதுதான் திட்டம். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஆசை இன்னும் மேலே போனது. முதலில் ஸ்காஃபெல் சிகரத்தைக் குறிவைத்தார்கள். அதற்கு நிறைய இறங்கி ஏற வேண்டும் என்று தெரிந்ததும் பக்கத்திலிருந்த பைக் பக்கம் திரும்பினார்கள். உச்சியில் புல் ஒரு இதழ்கூட இல்லை என்றும், காய்ந்த பாசித் திட்டுகளுக்கு நடுவே கிடந்த பாறைகளில் படர்ந்த லைக்கன்களின் நிறங்கள் எப்படி இருந்தன என்றும் எழுதுகிறார். தூரத்துக் கடலில் ஒரு கப்பலைப் பார்க்கிறார்கள். வழிகாட்ட வந்த உள்ளூர் மேய்ப்பரும் அது கப்பல்தான் என்று உறுதியாகச் சொல்கிறார். பிறகு அது வடிவம் மாறிக் குதிரை போலாகிறது, பார்த்தது மேகம். மேய்ப்பரின் கண்ணும் தவறியதை அவர் மறைக்கவில்லை. புயல் வரப்போகிறது என்று அதே மேய்ப்பர் எச்சரித்ததையும் விடவில்லை.

அச்சில் வந்த பகுதி “நாங்கள்” என்றே பேசுகிறது. நம் தமிழில் உள்ளதுபோல ஆங்கிலத்திலும் இந்தச் சொல்லுக்குப் பால் கிடையாது. வில்லியமின் பெயர் அட்டையில் இருக்கும்போது வாசகர் அந்த ‘நாங்களில்’ யாரைக் காண்பார்? ஆண்களைத்தான். இதை ஊகமாகச் சொல்லவில்லை. நிரூபித்துக் காட்டியவரே ஒரு பெண். ஆம்பிள்சைடில் தானே வீடு கட்டிக் குடியேறி, அந்த மலைகளில் நடந்து திரிந்த எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ 1855இல் தன் வழிகாட்டி நூலை வெளியிட்டார். அதில் இந்த மலையேற்றப் பகுதியை எடுத்தாண்டார், ஆளின் பெயரையும் குறிப்பிட்டார்: வேர்ட்ஸ்வொர்த், அதாவது வில்லியம். பெண்களின் அறிவுக்காக வாழ்நாள் முழுதும் வாதாடியவர், ஒரு பெண்ணின் நடையை அவள் அண்ணனின் கணக்கில் எழுதிவிட்டார். அதே ஆண்டில்தான் டோரதி இறந்தார். மார்ட்டினோவைக் குற்றம் சொல்லி ஆவதில்லை. அட்டையில் இருந்த பெயரை அவர் நம்பினார். விடுபட்ட ஒரு பெயர் அடுத்தடுத்த நூல்களில் நேர்மையானவர்கள் கையாலேயே எப்படித் தவறான பெயராகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

டோரதிக்கு எழுத்தாளராகப் பெயர் வாங்கும் விருப்பமே இல்லை, அதை வெறுத்தார் என்று ஒரு மறுப்பு வரும். உண்மைதான், 1810இல் ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில் அவரே அப்படிச் சொல்கிறார். ஆனால் அதோடு இன்னொரு கடிதத்தையும் படிக்க வேண்டும். 1794இல், 22 வயதில், அண்ணனோடு கெண்டலிலிருந்து கிராஸ்மியர் வழியாகக் கெஸ்விக் வரை நடந்தார். ஒரு பெண் ஊர் ஊராக நடந்து திரிவதா என்று தாய்மாமன் மனைவி கண்டித்தார். இயற்கை கொடுத்த பலத்தைப் பயன்படுத்தினேன், வண்டியில் உட்கார்ந்து போவதைவிட மகிழ்ச்சி அதிகம், 30 ஷில்லிங்காவது மிச்சம் என்று டோரதி பதில் எழுதினார். நடப்பதற்கே விளக்கம் கொடுக்க வேண்டியிருந்த ஒருத்தி, நடந்ததை அச்சில் தன் பெயரோடு போட விரும்பவில்லை என்றால், அதை வெறும் அடக்கம் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

இதுவரை சொன்னதைப் பெண்ணிய ஆய்வாளர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். டோரதியின் பெயர் இன்று மீட்கப்பட்டுவிட்டது. கல்லூரியில் இதைப் பாடமாக நடத்தியபோது நானும் அங்கேயே முடித்துக்கொள்வேன். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “மேம், அவங்க சாப்பாட்டை யார் தூக்கிட்டுப் போனாங்க?”

பதில் இருக்கிறது. அன்று ஏறியது இரண்டு பெண்கள் மட்டும் அல்ல. மேரி பார்க்கரின் பணிப்பெண்ணும் கூட ஏறினாள். வழிகாட்ட ஒருவரும் சுமை தூக்க ஒருவருமாக உள்ளூர்க்காரர் இருவர் வந்தார்கள். நான் படித்த விவரிப்புகள் எல்லாவற்றிலும் அந்தப் பெண் ‘பணிப்பெண்’ மட்டுமே. இங்கிலாந்தின் உச்சியில் நின்ற பெண்களைப் பற்றிய ஆரம்பகாலப் பதிவுகளில் ஒன்று இது. அதில் மூன்று பெண்கள் இருக்க, நாம் கொண்டாடுவது இருவரை. டோரதி தன் விருப்பத்தில் இன்னும் மேலே போனார். கூலிக்கு வந்தவளிடம் யாராவது கேட்டிருப்பார்களா? அவளுக்கும் ஆசையாக இருந்திருக்கலாம், கால் வலித்திருக்கலாம். அண்ணனின் ‘நாங்களில்’ தங்கை மறைந்ததுபோல, தங்கையின் ‘நாங்களில்’ இவள் மறைந்தாள். முதல் மறைவைக் கண்டுபிடித்த அதே வாசிப்பு இரண்டாவதையும் கண்டுபிடிக்காவிட்டால், அது பாதி வாசிப்புதான்.

வேறுவிதமாக எழுத முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஸ்காட்லாந்தின் நான் ஷெப்பர்ட். கேர்ன்கார்ம் மலைகளைப் பற்றி அவர் எழுதிய ‘தி லிவிங் மவுண்டன்’ இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எழுதப்பட்டது. அப்போது பதிப்பாளர் கிடைக்காமல் பல ஆண்டுகள் மேசை இழுப்பறையில் கிடந்து, 1977இல்தான் வெளியானது. 2016இல் அவர் முகம் ஸ்காட்லாந்தின் ஐந்து பவுண்டு நோட்டில் வந்தது. பைன் காடு, ஆறுகள் பிறக்கும் இடம், மேட்டுச் சமவெளி எல்லாம் நூலில் உண்டு. ஆனால் வழிகாட்டி நூல்போல அடிவாரத்தில் தொடங்கி உச்சியில் முடிவதில்லை. நீர், பனி, காற்று, செடிகள், தூக்கம், புலன்கள் என்று அத்தியாயங்கள் போகின்றன.

ஆண் மலையை வெல்கிறான், பெண் மலையோடு கலக்கிறாள் என்று இந்த நூலை வைத்துச் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. உயரம் தரும் கிளர்ச்சியைத் தேடித்தான் தொடக்கத்தில் போனதாக ஷெப்பர்டே எழுதுகிறார். டோரதிக்கும் உச்சி மீது ஆசை இருந்தது. மென்மையைப் பெண்ணின் இயல்பாக்கினால், அடுப்படியில் நம்மை உட்கார வைத்த அதே சொல்லை மலையிலும் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

ஷெப்பர்டிடம் நான் மதிப்பது வேறொன்று. மனிதர்களைப் பற்றிய அத்தியாயத்தில், அந்த மலையடிவாரத்தில் உழைத்து வாழ்ந்தவர்களைப் பெயர் சொல்லி எழுதுகிறார். இன்வெரி என்ற சிற்றூரில் மலை நடப்பவர்களுக்குப் படுக்கையும் உணவும் கொடுத்த மேகி க்ரூயர் அந்த அத்தியாயத்தில் வருகிறார். மலையைப் போலவே கரடுமுரடான, நகைச்சுவையும் அதிகாரமும் உள்ள மனுஷியாக வருகிறார். நடந்து களைத்தவருக்குக் கஞ்சி ஊற்றியவரும் மலையின் கதையில் ஒரு பாத்திரம்.

இதற்கு எதிர்முனையில் ஆல்ஃபிரட் வெய்ன்ரைட்டை வைத்துப் பார்க்கலாம். 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகளில் லேக் டிஸ்ட்ரிக்ட்டின் 214 மலைகளுக்கும் கையாலேயே எழுதி, வரைந்து வழிகாட்டி தந்தவர். அசாத்தியமான உழைப்பு, எனக்கு அந்தப் பக்கங்கள் பிடிக்கும். அவர் தொகுதிகளின் சமர்ப்பணங்களைப் பாருங்கள்: நில அளவைத் துறையின் ஆண்களுக்கு, கல்சுவர் கட்டிய ஆண்களுக்கு, அப்பகுதி நாய்களுக்கு, ஆடுகளுக்கு, தன் இரண்டு கால்களுக்கு. வேடிக்கையாகச் செய்ததுதான். கல்சுவர் கட்டியவர்களை நினைத்தது நல்ல மனசும்கூட. ஆனால் வார இறுதி நடைக்குப் பின்னால் வாரம் முழுக்க ஒரு வீடு நடந்திருக்கிறது. அந்த வீட்டை நடத்தியவர்களுக்கு முன்பாக ஆடு நினைவுக்கு வருகிறது.

நம் மாணவிகளில் பலரும் இப்போது மலையேறுகிறார்கள், ஏறியதை எழுதவும் செய்கிறார்கள். வீட்டில் அனுமதி வாங்கியது, மாதவிடாய் நாளில் ஏறியது, இருட்டும் முன் இறங்கியாக வேண்டிய பதற்றம் எல்லாம் அந்தக் குறிப்புகளில் வருகின்றன. நிச்சயம் வர வேண்டும். கூடவே முன்னால் போய்ப் புதரை வெட்டி வழிவிட்டவர், தண்ணீர் கேனைத் தூக்கியவர், அடிவார வீட்டில் சோறு வடித்தவர் ஆகியோரின் பெயரையும் அவர்களிடமே கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். அவர்களுக்கு மலையைப் பற்றிச் சொல்ல இருப்பதையும் கேளுங்கள். மேரி பார்க்கரின் பணிப்பெண்ணிடம் இனி யாரும் கேட்க முடியாது.