ஏழு நாள் கணக்கின் குறை

பௌரன் ஏரிச் சுற்றுக்குப் போடப்படும் பயணத் திட்டங்களில் பல, ஒரு வகுத்தல் கணக்கில் பிறந்தவை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், கரிபூ மலைகளுக்கிடையே இணைகரம் போல் வளைந்து வரும் ஏரிகளும் ஆறுகளும் சேர்ந்து 116 கி.மீ. கையில் ஒரு வார விடுப்பு. ஆகவே நாளொன்றுக்குப் பதினாறரை கி.மீ. அமைதியான நீரில் கேனூ வலிக்கத் தெரிந்த இருவருக்கு அது நாலு மணி நேர வேலை. வகுத்தலில் தவறில்லை; எல்லாக் கிலோமீட்டரையும் ஒரே சரக்காகப் பாவித்ததுதான் தவறு.

தொடக்கத்தைப் பாருங்கள். பதிவு நிலையத்திலிருந்து கிப்பி ஏரிக்கு 2.4 கி.மீ., அங்கிருந்து இந்தியன்பாயிண்ட் ஏரிக்கு 2, பிறகு ஐசக் ஏரிக்கு 1.6. படகையும் மூட்டைகளையும் தரைவழியே கடத்த வேண்டிய தூரத்தில் பாதிக்கு மேல் இங்கேயே வந்துவிடுகிறது. இரண்டு நடையாகச் சுமப்பவர், வெறுங்கையோடு திரும்புவதையும் கூட்டினால், 18 கி.மீ. நடக்கிறார். அதுவும் உணவு மூட்டை முழுக் கனத்தோடு இருக்கும்போது. சக்கர வண்டி இந்தத் துன்பத்தை மூன்றிலொன்றாக்கும். ஆனால் வண்டியில் ஏற்றிய படகுக்குள் 60 பவுண்டுக்கு மேல் பொருள் வைக்கப் பூங்கா அனுமதிப்பதில்லை. மிச்சம் முதுகில்தான். பாதை குழிவிழாமல் காக்க வந்த விதி இது. திட்டமிடுபவருக்கோ, இரக்கமில்லாத பதிப்பாசிரியரின் வேலையைச் செய்கிறது: கூடாரம் முதல் காபிப் பாத்திரம் வரை ஒவ்வொன்றும் தன் இருப்புக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். விலை கூடிய, எடை குறைந்த கெவ்லார் படகின் நியாயமும் இங்கே சற்றுத் தளர்கிறது. தோளில் தூக்குபவருக்கு அது வரம். வண்டி இழுப்பவருக்குப் பெரும்பாலும் ஆடம்பரம்.

கடினத்தை முன்னால் வைக்கும் இந்த வலஞ்சுழி வரிசை அமைப்புக் குறையா? அப்படித் தோன்றும். ஆனால் எதிர்த்திசையில் போனால் ஐசக் ஆற்றையும் கரிபூ ஆற்றையும் நீரோட்டத்துக்கு எதிராக ஏற வேண்டும். ஆகவே வரிசை சரியே. அதற்கேற்ப முதல் இரண்டு நாட்களின் தூரத்தைச் சுருக்காத திட்டம்தான் சரியில்லை.

உண்மையான சோதனை ஐசக் ஏரி. நீளம் 38 கி.மீ.; இருபுறமும் மலை, நடுவே குளிர்ந்த நீர். காற்று எழுந்தால் இந்த நெடும்பள்ளம் அதைக் குழாய்போல் கடத்துகிறது. பக்கவாட்டில் அலை வாங்கும் திறந்த கேனூ நிரம்ப நேரம் ஆகாது. விடியலில் கிளம்பு, கரையோரமாகப் போ, பிற்பகலில் முகாமில் இரு என்பது அனுபவசாலிகளின் பாடம். இதை ஏழு நாள் திட்டமும் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டபடி நடக்க நேரம் தருவதில்லை. ஒரு நாள் காற்றில் முடங்கினால் மறுநாள் முப்பத்து மூன்று கி.மீ. அந்தக் கணக்குதான் படகை அலைக்குள் இறக்குகிறது, துணிச்சல் அல்ல. தனிப் படகினருக்கு முகாமிடங்கள் முந்தி வந்தவருக்கே என்பதால், ஓய்வு நாளை எங்கு வேண்டுமானாலும் வைக்கும் சுதந்திரம் இருக்கிறது. அதை வீணாக்கும் திட்டத்தை முறையுள்ளது என்று சொல்ல முடியாது.

ஐசக் ஏரி வடியும் இடத்திலுள்ள வெள்ளச் சரிவைத் தரைவழியே தவிர்க்கலாம். 11 மீட்டர் ஐசக் அருவியைத் தவிர்த்தே ஆக வேண்டும். அதன்பின் வரும் கரிபூ ஆறு வேறு ரகம். பனிப்பாறைச் சேறு கலந்து கலங்கிய நீர், விரையும் ஓட்டம், வளைவுகளில் சாய்ந்தும் மூழ்கியும் கிடக்கும் மரங்கள். சிறிது தூரம்தான். ஆனால் படகைத் திருப்பத் தெரியாதவர்களை ஆறு அங்கேயே கண்டுபிடித்துவிடும்; எத்தனை உபரி நாள் வைத்தாலும் இந்தத் திறமைக் குறைக்கு ஈடாகாது.

ஆகவே என் தீர்ப்பு இரண்டு. தேர்ந்தவர்களுக்கு ஒன்பது நாள்; அதில் ஒன்று ஐசக் ஏரிக்கென்றே வெறுமையாக. முதல்முறை வருபவர்களுக்குச் சுற்றே வேண்டாம். பௌரன் ஏரியிலிருந்து ஸ்பெக்டகிள் ஏரிகள் வழியாக உன்னா ஏரி வரை போய், அங்கிருந்து நடந்து 24 மீட்டர் கரிபூ அருவியைப் பார்த்து, வந்த வழியே திரும்பும் மேற்குப் பக்கப் பயணம் போதும். அரைச் சுற்று என்று அதை இளக்காரமாகச் சொல்கிறார்கள். தன் அளவறிந்து கட்டப்பட்ட திட்டம் அது ஒன்றுதான். இளக்காரம் செய்வோரின் ஏழு நாள் கணக்கில் அந்தக் கட்டுக்கோப்பு இல்லை.